முதியோர் குடியிருப்பில் அப்பா, அம்மா தாங்களாக வாங்கிப் போடும் மாத்திரைகள்: யார் கணக்கில் வரும்?

கோவை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 81, அம்மாவுக்கு 76. போன வருடத்திலிருந்து கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பில் இருக்கிறார்கள். நான் பெங்களூரில், தம்பி அமெரிக்காவில். குடியிருப்பில் வசதிக்குக் குறை சொல்ல முடியாது. மெஸ் சாப்பாடு, உதவிக்கு ஆள், ராத்திரியும் ஒரு சிஸ்டர் இருப்பார், வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வருவார். டாக்டர் எழுதிய மாத்திரைகளை சிஸ்டரே வேளாவேளைக்கு அறைக்குக் கொண்டுவந்து கொடுத்து, சார்ட்டில் டிக் போட்டுக் கையெழுத்தும் போடுகிறார்.

அந்த சார்ட்டில் இல்லாததுதான் எனக்குக் கவலை. இந்த முறை போனபோது அம்மாவின் புடவை அலமாரியை ஒழித்துக் கொடுத்தேன். உள்ளே ஒரு பிஸ்கட் டின் நிறைய மாத்திரை. டாக்டர் அப்பாவுக்கு எழுதியது பிபிக்கு டெல்மா-ஹெச், இதயத்துக்கு எகோஸ்பிரின் 75 (ஆஸ்பிரின்தான்), புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின், அவ்வளவுதான். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையும் மெட்ஃபார்மினும். ஆனால் டின்னில் இருந்தது: காம்பிஃப்ளாம், டோலோ 650, சினாரெஸ்ட், அவில், ஷெல்கால், விட்டமின் டி 60,000 கேப்ஸ்யூல், ஈனோ பாக்கெட்டுகள், இசப்கோல், அதிமதுரப் பொடி, அமுக்கரா சூரணம், போதாததற்குத் தம்பி கொண்டுவந்த மீன் எண்ணெய், குளுக்கோசமைன் பெரிய பாட்டில்கள். இதில் எதையுமே டாக்டர் எழுதவில்லை. கேட் பக்கத்தில் இருக்கும் மெடிக்கலில் போன் பண்ணிச் சொன்னால் அறைக்கே வந்துவிடுகிறதாம்.

மேனேஜரிடம் கேட்டேன். "சார்ட்டில் இருப்பதற்கு நாங்கள் பொறுப்புங்க, ரெசிடென்ட் சொந்தக் காசில் வாங்குவதை நாங்கள் எப்படிக் கேட்பது" என்கிறார். அப்பாவிடம் பேச்சை எடுத்தாலே, "முப்பது வருஷம் பேங்கில் லாக்கர் சாவி வைத்திருந்தவன், ஒரு தலைவலி மாத்திரை வைத்துக்கொள்ள உன்னிடம் அனுமதி வாங்கணுமா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இதில் எது உண்மையிலேயே ஆபத்து, எது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்? மொத்தமாக எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா? குடியிருப்பில் நான் என்ன கேட்பது நியாயமாக இருக்கும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மருந்தாளுநர்_ஈரோடு

அக்கா, மருத்துவமனை பார்மஸியில் வேலை செய்கிறேன், வயதானவர்களின் மருந்துச் சீட்டு தினமும் கையில் வரும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் காம்பிஃப்ளாம். அந்த டின்னில் அப்பாவுக்கு ஆகவே ஆகாதது இதுதான். அதில் இபுபுரூஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சேர்ந்திருக்கிறது. அப்பா போடும் டெல்மா-ஹெச்சில் இரண்டு மருந்து: டெல்மிசார்டான், கூடவே நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடு. சிறுநீரகத்துக்கு உள்ளே போகும் ரத்தக் குழாயை விரித்து வைத்திருக்கும் பொருளை இபுபுரூஃபென் தடுத்துவிடும். டெல்மிசார்டான் வெளியேறும் குழாயைத் தளர்த்தும். நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரையே குறைக்கும். மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வடிகட்டுவதற்குத் தேவையான அழுத்தமே சிறுநீரகத்துக்குக் கிடைக்காது. கோடைக்காலத்தில் தண்ணீர் சரியாகக் குடிக்காமலோ, வயிற்றுப்போக்கோடோ இது நடந்தால் சில நாட்களிலேயே கிரியாட்டினின் ஏறிவிடும், சிறுநீரகம் சரியாக வடிகட்டவில்லை என்று காட்டும் ரத்த அளவு அது. கடையில் எங்கள் கண் முன்னால் நடப்பது இது: சீட்டில் பிபி மாத்திரை இருக்கும், அதே ஆள் "முழங்கால் வலிக்குது, ஏதாவது நல்லதாக் கொடுங்க" என்பார், கவுன்ட்டரில் இருக்கும் பையன் அசெக்ளோஃபெனாக்கோ டைக்ளோஃபெனாக்கோ எடுத்து நீட்டிவிடுவான். இந்த வகை மாத்திரை எல்லாமே இபுபுரூஃபென் குடும்பம்தான். பிபியையும் ஏற்றும். போதாததற்கு அப்பா எகோஸ்பிரினும் போடுகிறார், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் ராத்திரி என்றும் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஒன்று, இதைப் படித்துவிட்டு எகோஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள், அது இதய டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

அடுத்தது பாராசிட்டமால். மாத்திரை தனியாகப் பார்த்தால் நல்ல மாத்திரைதான், வயதானவர்கள் வலிக்கு முதலில் எடுக்க வேண்டியதும் இதுவே. சிக்கல் என்னவென்றால் பல பெயரில் ஒளிந்திருக்கிறது. சளி பிடித்த ஒரு நாளில் டோலோ 650 மூன்று வேளை என்றால் 1,950 மி.கி. சினாரெஸ்டில் ஒரு மாத்திரைக்கு 500, மூன்று வேளைக்கு 1,500. நடுவில் உடம்பு வலிக்கிறதென்று காம்பிஃப்ளாம் இரண்டு, 650. கூட்டினால் 4,100. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பே 4,000. எடை குறைந்த, சாப்பாடு சுருங்கிப்போன வயதானவர்களுக்கு 3,000-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லும் டாக்டர்கள் நிறைய. அப்பா மூன்று தனித்தனி மாத்திரை போட்டதாகத்தான் நினைப்பார்.

சினாரெஸ்டில் இன்னும் இரண்டு சரக்கு உண்டு. ஒன்று குளோர்பெனிரமின், அவில் மாதிரியே பழைய தலைமுறை அலர்ஜி மருந்து. புராஸ்டேட் வீங்கியவர்களுக்கு இது சிறுநீரை அப்படியே அடைத்துவிடலாம். டாம்சுலோசின் ஒரு பக்கம் வழி திறக்க, இது இன்னொரு பக்கம் மூடுகிறது. வாய் உலரும், மலம் இறுகும், தலை கிறங்கும், சிலருக்கு நாள், கிழமை குழம்பும். அமெரிக்காவில் மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போட்டார், அதை அங்கே முதுமை மருத்துவச் சங்கம் திருத்திக்கொண்டே வருகிறது, 2023-இலும் திருத்தினார்கள். இந்தப் பழைய அலர்ஜி மருந்துகள் அதில் இன்னும் இருக்கின்றன. இன்னொன்று ஃபினைலெஃப்ரின், மூக்கடைப்புக்கு என்று போடுவது. மாத்திரையாக விழுங்கினால் இது மூக்கடைப்பைக் குறைப்பதே இல்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பயன் இல்லாத ஒன்றை, பிபிக்காரர் ஏன் விழுங்க வேண்டும்? ஆவி பிடிக்கட்டும், உப்புத் தண்ணீர் சொட்டு மருந்து விடட்டும்.

ஈனோ சாதாரணம் என்று நினைப்போம். ஒரு பாக்கெட்டில் சோடா உப்பு மட்டுமே இரண்டு கிராமுக்கு மேல், அதிலிருந்து வரும் சோடியம் 600 மி.கி.க்கும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்லும் அளவே 2,000-க்குள். மெஸ்ஸில் ஊறுகாயை ஒதுக்கிவிட்டு அறைக்கு வந்து ஈனோ இரண்டு பாக்கெட் கலக்கிக் குடித்தால் பத்தியத்துக்கு அர்த்தம் இல்லை. எப்போதாவது ஒன்று என்றால் பரவாயில்லை. தினமும் தேவைப்படுகிறதென்றால் வயிற்றை டாக்டர் பார்க்க வேண்டும்.

அம்மா பக்கம்: ஷெல்கால் என்ற கால்சியம் மாத்திரையை தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் ஏறாது, கால்சியம் அதைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது வேண்டும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி, ஷெல்கால் மதியச் சாப்பாட்டோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் (தைராய்டு போதவில்லை என்றால் ஏறும் அளவு) குறையவில்லை என்று டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள், காரணம் இவ்வளவுதானாக இருக்கும்.

விட்டமின் டி 60,000 பற்றி ஒரு கேள்வி. அம்மா அதை எப்படிப் போடுகிறார்? வாரம் ஒன்றா, தினமும் ஒன்றா? இதற்கு மட்டும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

மீன் எண்ணெய், குளுக்கோசமைன் இரண்டும் அவசரம் இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள். முழங்காலுக்குக் குளுக்கோசமைன் பெரிதாக ஒன்றும் செய்வதாகத் தெரியவில்லை, வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போடுபவர்கள் மட்டும் கேட்காமல் தொடவே கூடாது. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஜெல்லை மேலே தடவுவது மாத்திரையை விட எவ்வளவோ பாதுகாப்பு, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம்தான்.

இன்னொன்றும் கவனியுங்கள். டாக்டர் எழுதாததிலும் அம்மாவுக்குத் தேவையானது இருக்கலாம். மெட்ஃபார்மின் பல வருடம் போடுபவர்களுக்கு பி12 குறையும். பாதம் மரத்துப்போவதாக, எரிவதாகச் சொன்னால் சுகர் என்று விட்டுவிடாமல் ஒரு பி12 பார்க்கச் சொல்லுங்கள்.

---

இரவு_டூட்டி_சிஸ்டர்

நான் இது மாதிரி இரண்டு குடியிருப்புகளில் வேலை பார்த்திருக்கிறேன், இப்போதும் பார்க்கிறேன். மேனேஜர் சொன்ன பதில் எல்லா இடத்திலும் கேட்கும் பதில்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கீழே விழுந்தவரைத் தூக்குவது மேனேஜர் இல்லை, நாங்கள். டாக்டருக்குப் போன் போட்டு "என்ன மாத்திரை போட்டார்" என்ற கேள்விக்கு சார்ட்டைப் பார்த்துப் படிப்போம். அதில் இல்லாத அவில் எங்களுக்கு எப்படித் தெரியும்?

அவில் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் தூக்கம் வராவிட்டால் ஒரு அவில் என்பது வீட்டுக்கு வீடு பழக்கம். நான் பார்த்த ஒரு அம்மா, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், காலை வேளையில் மட்டும் பேத்துகிறார், எந்த ஊரில் இருக்கிறோம் என்று கேட்கிறார். பிள்ளைகள் மறதி நோய் என்று முடிவு செய்து ஸ்கேன் எடுக்க நாள் குறித்துவிட்டார்கள். தலையணை உறையைக் கழற்றும்போது உள்ளே மாத்திரை அட்டை. தூக்கத்துக்காக ராத்திரி ஒன்று, விழிப்பு வந்தால் இன்னொன்று. டாக்டர் அதை நிறுத்தியதும் கொஞ்ச நாளில் பழையபடி ஆகிவிட்டார். எல்லாக் குழப்பமும் மாத்திரையால் என்று சொல்லவில்லை, ஆனால் திடீரென்று வந்த குழப்பம் என்றால் முதலில் அலமாரியைப் பாருங்கள்.

உள்ளே இருந்து பார்த்தால் இன்னும் சில தெரியும். மாத்திரை கைமாறும். "எனக்கு இது ஒண்ணு போட்டதும் மூட்டு வலி பறந்துடுச்சு" என்று பக்கத்து அறை மாமா நாலு மாத்திரை எடுத்துக் கொடுப்பார், அன்பாகத்தான் கொடுக்கிறார். வெளிநாட்டுப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது ஆயிரம் மாத்திரை பாட்டில்களோடு வருவார்கள், பெற்றவர்களுக்கு அதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, பிள்ளை வாங்கித் தந்தது என்று கடைசி மாத்திரை வரை விழுங்குவார்கள், தேதி முடிந்த பிறகும். உங்கள் தம்பியிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அம்மா பேச மாட்டார்.

இசப்கோலுக்கு ஒரு வார்த்தை. ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு உடனே குடித்துவிட வேண்டும். அரை டம்ளரில் கலந்து ஊறவைத்துக் கெட்டியாக விழுங்கி, தொண்டையில் அடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு வேண்டாம். மற்ற மாத்திரைகளோடு சேர்த்தும் வேண்டாம், இரண்டு மணி நேரம் விட்டுக் கொடுக்கலாம்.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விகளுக்கும்: டின்னைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். போனால் ஒரு வாரத்தில் புது டின் வரும், இந்த முறை உங்கள் கண்ணில் படாத இடத்தில். டாக்டர் வரும் நாளில் டின்னோடு அப்பா அம்மாவைக் கூட்டிப்போங்கள். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, எதற்குப் போடுகிறீர்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று டாக்டர் கேட்கட்டும். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதெல்லாம் சார்ட்டின் கடைசியில் தனிப் பக்கமாக ஏற வேண்டும். நிர்வாகத்திடம் "நீங்கள் பொறுப்பேற்க வேண்டும்" என்று கேட்டால் பயப்படுவார்கள். "எழுதி வைக்க ஒரு பக்கம் கொடுங்கள்" என்று கேளுங்கள், அதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. ஆம்புலன்சில் போகும்போது அந்தப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.

---

வடவள்ளி_வாத்தியார்

அம்மா, எனக்கு வயது 79. மனைவி காலமான பிறகு நானும் இப்படி ஓர் இடத்தில்தான் இருக்கிறேன். அறைக்குள் இருப்பவன் என்ற முறையில் உங்கள் அப்பாவுக்காகக் கொஞ்சம் பேச வேண்டும்.

எங்களைக் கேட்காமல் எங்கள் அலமாரியைத் திறப்பது எத்தனை நல்ல எண்ணமாக இருந்தாலும் வலிக்கும். வீட்டை விட்டோம், வாசலை விட்டோம், என்ன சமைப்பது என்று முடிவு செய்வதை விட்டோம், எத்தனை மணிக்குக் குளிப்பது என்பதைக் கூட இன்னொருவர் சௌகரியத்துக்கு மாற்றிக்கொண்டோம். தலை வலித்தால் எழுந்து போய் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வது எங்கள் கையில் மிச்சம் இருக்கும் சின்ன உரிமை. அதையும் பூட்டிவைத்தால் மனிதன் என்ன ஆவான்?

ஏன் வாங்கி வைக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும். மூட்டு வலி சனிக்கிழமை ராத்திரி வரும். பெல் அடித்தால் சிஸ்டர் வருவார், ஆனால் "டாக்டர் எழுதாமல் டோலோ கூடக் கொடுக்கக் கூடாது ஐயா" என்பார். அவர் மேல் தவறில்லை, விதி அப்படி. காலை வரை வலியோடு கிடப்பதா? ஒருமுறை கிடந்தவன் மறுநாளே கடைக்குப் போன் போடுவான். டாக்டர் வரும் நாளிலும் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான், வாயுத் தொல்லை, தூக்கம் வராதது, மலச்சிக்கல் இதையெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில், பத்துப் பேர் காதில் விழ, சொல்லக் கூச்சமாக இருக்கும்.

ஆகவே நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஒவ்வொருவருக்கும் டாக்டர் முன்கூட்டியே எழுதி வைக்கட்டும்: இவருக்கு வலி வந்தால் பாராசிட்டமால் இந்த அளவு, நாளில் இத்தனைக்கு மேல் வேண்டாம், மலச்சிக்கலுக்கு இது, நெஞ்செரிச்சலுக்கு இது, இத்தனை நாளுக்கு மேல் தொடர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள். அது சார்ட்டில் இருந்தால் சிஸ்டர் நடு ராத்திரியிலும் கொடுக்கலாம். எங்கள் இடத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டு இதை வாங்கினோம். அதற்குப் பிறகு கடைக்குப் போன் போடுவது தானாகவே குறைந்தது, யாரும் யாருடைய அலமாரியையும் திறக்கவில்லை.

உங்கள் அப்பா கணக்கு எழுதிப் பழகியவர். அந்தத் தனிப் பக்கத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். மகள் எழுதினால் அவருக்கு அது கண்காணிப்பு, அவரே எழுதினால் அவருடைய லெட்ஜர்.

---

மூலிகைத்_தோட்டம்

எல்லோரும் இங்கிலீஷ் மருந்தின் தீமையைப் பேசிவிட்டு அதே மூச்சில் அதிமதுரத்தையும் அமுக்கராவையும் டாக்டரிடம் காட்டச் சொல்கிறீர்கள். இவை நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து சாப்பிட்டு வருபவை. பக்க விளைவு என்ற பேச்சே கிடையாது. அலோபதி டாக்டருக்கு அமுக்கராவைப் பற்றி என்ன தெரியும்? மாத்திரைகளை நிறுத்திவிட்டு இவற்றை வைத்துக்கொள்ளச் சொன்னாலே பாதிப் பிரச்சினை தீரும்.

---

மருந்தாளுநர்_ஈரோடு

மூலிகைத்_தோட்டம், எங்கள் வீட்டிலும் சுக்கு மல்லிக் காபி உண்டு, நிலவேம்பும் உண்டு. சித்த மருந்தை மட்டம் தட்டுவது என் நோக்கமே இல்லை. ஆனால் பக்க விளைவே கிடையாது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் இன்னொரு பக்கம் உண்டு.

அதிமதுரத்தில் கிளிசிரைசின் என்ற பொருள் இருக்கிறது. இனிப்பே அதனால்தான். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும், பிபியை ஏற்றும். தொண்டை கட்டினால் இரண்டு நாள் ஒரு சிட்டிகை என்பதில் பயமில்லை. தினமும் ஒரு ஸ்பூன் தேனில் குழைத்து மாதக்கணக்கில் என்றால், அதுவும் டெல்மா-ஹெச்சில் இருக்கும் நீர் மாத்திரை ஏற்கெனவே பொட்டாசியத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும்போது, இதயத் துடிப்பு தாறுமாறாகும் அளவுக்குப் போகலாம். மலச்சிக்கலுக்கு நிலாவாரை தினமும் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகம் முழுக்கப் போகும் இலை அது, நல்ல மருந்து, நாள்கணக்கில் மட்டும்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. அம்மா தைராய்டு மாத்திரை போடுகிறார், இரண்டும் சேர்ந்து அளவு தாண்டினால் படபடப்பு, எடை குறைவு, தூக்கமின்மை. தூக்கத்துக்கென்று சாப்பிட்டதே தூக்கத்தைக் கெடுக்கும். கல்லீரல் பாதிப்பும் சிலருக்குப் பதிவாகியிருக்கிறது. கல்லீரல் விஷயத்தில் மஞ்சளும் அப்படித்தான், குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, மிளகுச் சத்தோடு சேர்த்து கேப்ஸ்யூலில் அடைத்து வரும் அடர்த்தியான குர்குமின் என்ற மஞ்சள் சத்தைச் சொல்கிறேன்.

இன்னொரு கவலை பற்பம், செந்தூரம், உலோகங்களையும் தாதுக்களையும் புடம் போட்டுச் செய்பவை. 2004-இல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, மற்ற மருந்துகளையும் கேட்டுக் கொடுப்பது வேறு, யூடியூப் பார்த்துக் கூரியரில் வரவழைப்பது வேறு. அக்கா, அம்மாவுக்குச் சித்த மருந்தில் நம்பிக்கை என்றால் அரசு சித்த மருத்துவப் பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரிடமே கூட்டிப்போங்கள், பழைய சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். அவர் எழுதுவதும் அதே சார்ட்டில் ஏறட்டும்.

---

கோவை_மகள்

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அப்பாவுக்குப் போனிலேயே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அந்த மனுஷன் நம்பர் கிடைக்குமா" என்று கேட்டார்.

விட்டமின் டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா தினமும் ஒன்று போடுகிறார். பக்கத்து அறை அம்மா எலும்புக்கு நல்லது என்று சொன்னாராம், கடையில் ஒவ்வொரு அட்டையாக வாங்குகிறார். எப்போது ஆரம்பித்தார் என்று அவருக்கே நினைவில்லை. கூடவே ஷெல்காலும் தினமும். சமீபமாகச் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறார், மலச்சிக்கல் அதிகம், அதற்குத்தான் இசப்கோல். அடிக்கடி பாத்ரூம் போகிறார், நாங்கள் சுகர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சோர்வாகவே இருக்கிறார்.

---

மருந்தாளுநர்_ஈரோடு

அக்கா, இதைப் படித்ததும் டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், அவர் வரும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். கேப்ஸ்யூலையும் ஷெல்காலையும் இப்போதே நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். இன்று அல்லது நாளைக் காலையிலேயே ரத்தத்தில் கால்சியம், கிரியாட்டினின், விட்டமின் டி மூன்றும் பார்க்க வேண்டும். அதற்குள் வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சுக் குழப்பம் ஏதாவது இருந்தால் நேராக மருத்துவமனை.

60,000 என்பது வாரம் ஒன்று, பொதுவாக எட்டு வாரம், அதற்குப் பிறகு டாக்டர் சொன்னால் மாதம் ஒன்று. அம்மா வயதுக்கு ஒரு நாள் தேவை 800 யூனிட் பக்கம்தான். ஒரு கேப்ஸ்யூல் என்பது இரண்டு மாதத்துக்கும் மேலான தேவை. இது தண்ணீரில் கரைந்து வெளியேறும் விட்டமின் இல்லை, கொழுப்பில் சேர்ந்து தங்கும், நிறுத்திய பிறகும் நாள்பட வேலை செய்யும். மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். நீங்கள் எழுதிய பசியின்மை, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர், சோர்வு எல்லாமே அதற்குப் பொருந்தும், வேறு காரணமும் இருக்கலாம், பரிசோதனைதான் சொல்லும். ஒரு மாத்திரை கொடுத்த தொல்லைக்கு இன்னொரு மாத்திரை, அதன் தொல்லைக்கு மூன்றாவது என்று வயதானவர்களிடம் இப்படித்தான் எண்ணிக்கை ஏறுகிறது.

டாக்டர்கள் எழுதும்போது "வாரம் ஒரு முறை" என்று தமிழில், பெரிய எழுத்தில், கிழமையையும் போட்டு எழுதினால் இதில் பாதி நடக்காது. கடையில் நாங்களும் அட்டை மேல் எழுதித் தர வேண்டும். எங்கள் பார்மஸிப் பையன்களுக்கு இதைச் சொல்லியே வைத்திருக்கிறேன். பக்க விளைவு என்று சந்தேகம் வந்தாலே 1800-180-3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது. பக்கத்து அறை அம்மாவும் தினமும்தான் போடுகிறாரா என்று சிஸ்டரைக் கேட்கச் சொல்லுங்கள்.

---

கோவை_மகள்

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். அன்றே டாக்டரிடம் பேசினேன். கால்சியம் அளவுக்கு மேல் இருந்தது, கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருந்தது. மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் போட்டு, குறைந்த பிறகு அனுப்பினார்கள். இப்போது அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார், திரும்பவும் ரத்தம் பார்க்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். தைராய்டு மாத்திரையின் அளவையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். பக்கத்து அறை அம்மாவும் தினமும்தான் போட்டுக்கொண்டிருந்தார், அவர் மகனுக்கும் தகவல் சொல்லியாயிற்று.

டின்னை டாக்டர் முன்னால் அப்பாவே பிரித்துக் காட்டினார். காம்பிஃப்ளாம், சினாரெஸ்ட், அவில் மூன்றும் வேண்டாம் என்றாகிவிட்டது. டோலோ அவர் அலமாரியிலேயே இருக்கிறது, ஆனால் 500 மி.கி. மாத்திரையாக மாற்றி, நாளில் எத்தனை வரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முழங்காலுக்கு ஜெல். அதிமதுரம் நிறுத்தம், தொண்டைக்குச் சுக்கும் மிளகும் போதும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அமுக்கரா பற்றிச் சித்த மருத்துவரைக் கேட்கும் வரை தொடுவதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டார். தம்பியிடம் பேசினேன், இனி பாட்டில் வாங்கும் முன் பெயரைப் போட்டோ எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

நிர்வாகம் சார்ட்டில் ஒரு பக்கம் சேர்க்கச் சம்மதித்தது. முன்கூட்டி எழுதி வைக்கும் மருந்து விஷயம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது, அப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

---

வடவள்ளி_வாத்தியார்

அம்மா தேறியது ரொம்ப நிம்மதி. அந்தப் பக்கத்தில் என்னென்ன கட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று இங்கே எழுத முடியுமா? எங்கள் இடத்தில் தாங்களாக வாங்குவதை எழுதப் பக்கம் இல்லை, நானும் கேட்டுப் பார்க்கிறேன்.

---

கோவை_மகள்

அப்பா கோடு போட்டது, அப்படியே எழுதுகிறேன் ஐயா. மருந்தின் கடைப் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பது. எதற்காக. எப்போது, எத்தனை. தினமுமா, வாரம் ஒன்றா, தேவைப்பட்டால் மட்டுமா. யார் சொன்னது: டாக்டர், கடைக்காரர், பிள்ளைகள், பக்கத்து அறை, டிவி. ஆரம்பித்த தேதி. காலாவதித் தேதி. டாக்டர் பார்த்த தேதியும் கையெழுத்தும். கடைசிக் கட்டம் "நிறுத்திய தேதி, ஏன்". சூரணம், லேகியம், சொட்டு மருந்து, தைலம் எல்லாம் இதிலேயே வரும். ஒரு பிரதி சிஸ்டரிடம், ஒன்று அலமாரிக் கதவின் உள்பக்கம், ஒன்றை அப்பா மாதம் பிறந்ததும் வாட்ஸாப்பில் எனக்கும் தம்பிக்கும் அனுப்புகிறார்.